அளக்காத ரத்தமும் பத்தடி நடையும்

இடுப்பு மூட்டை இரண்டாவது முறை மாற்றும் ஆபரேஷன் பற்றிய ஆய்வுக் கட்டுரை எதை எடுத்தாலும் ஒரு எண் அநேகமாக இருக்கும்: மொத்த ரத்த இழப்பு இத்தனை மில்லி. நாலு இலக்கம், பக்கத்தில் ஒரு பிளஸ்-மைனஸ், கீழே ஒரு பி-வேல்யூ. பார்த்தால் யாரோ அளவு ஜாடியில் ஊற்றிப் படித்த மாதிரி இருக்கும். பெரும்பாலும் அப்படி யாரும் அளக்கவில்லை. நோயாளியின் உயரம், எடை, இரண்டு ரத்தப் பரிசோதனை முடிவு, இவ்வளவையும் ஒரு ஃபார்முலாவில் போட்டால் வெளியே வரும் எண் அது.

ஃபார்முலா போடுவது தப்பில்லை. நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் கணக்கில் வந்த எண்ணை அளந்த எண் மாதிரி எழுதுவதும், அந்த எண் குறைந்தாலே நோயாளி தேறிவிட்டார் என்று நினைப்பதும் வேற விஷயம். இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் மூணு கட்டுரைகளை (1983, 2004, 2011) எடுத்து, அவை உண்மையில் என்ன சொல்கின்றன, பின்னால் வந்தவர்கள் அவற்றை எதுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கலாம். என் வாதம் இதுதான்: மில்லியை எண்ணுகிற இந்த ஆராய்ச்சியில் நடையை எண்ணுகிற ஆய்வுகள் குறைவு. நடையை எண்ணிய ஒரு பெரிய ஆய்வையும் நாம் சரியாகப் படிப்பதில்லை.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஒரு எண் எங்கிருந்து வருகிறது, எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று தோண்டுவது மட்டும்தான் இங்கே என் வேலை. சிகிச்சை பற்றிய முடிவுக்கு உங்கள் டாக்டர்தான்.

ரிவிஷன் என்கிற ஒரே சொல்

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962-ல் செய்யத் தொடங்கியதுதான் இன்றைய இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனின் அடிப்படை. உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம், எலும்போடு பிடித்து வைக்க அக்ரிலிக் சிமெண்ட். 2019-ல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, வைத்த மூட்டுகளில் சுமார் 58% 25 வருஷம் தாங்குகின்றன என்றது. நல்ல செய்திதான். மீதி 42%? அதில் பெரும்பகுதி ஏதோ ஒரு காரணத்தால் மறுபடி திறக்கப்பட்டவை. மூட்டு தளர்ந்துபோவது, பந்து கழன்று வருவது, கிருமித் தொற்று, மூட்டைச் சுற்றி எலும்பு உடைவது, பிளாஸ்டிக் தேய்ந்த துகள்களால் எலும்பு அரிக்கப்படுவது என்று பட்டியல் நீளும். இந்த மறு ஆபரேஷனுக்குத்தான் ரிவிஷன் என்று பெயர்.

முதல் ஆபரேஷனைவிட இதில் ரத்தம் ஏன் அதிகம் போகிறது? பழைய வெட்டு ஆறின இடத்தில் தழும்புத் திசு இறுகிக் கிடக்கும்; எது தசை, எது தழும்பு என்று பிரித்துப் போகவே நேரம் பிடிக்கும். பழைய தண்டை எலும்புக்குள்ளிருந்து எடுக்க, சில சமயம் தொடை எலும்பையே நீளவாக்கில் பலகை மாதிரி அறுத்துத் திறக்க வேண்டிவரும். உள்ளே இருக்கும் சிமெண்டைச் சுரண்ட வேண்டும். கிண்ணம் இருந்த இடத்தை மறுபடி கடைய வேண்டும். கடைந்த எலும்பு கசிந்துகொண்டே இருக்கும். தையல் போட்டு அடைக்க அங்கே ரத்தக்குழாய் தனியாகத் தெரியாது.

ஆனால் எல்லா ரிவிஷனும் இப்படி இல்லை. பிளாஸ்டிக் உறையையும் பந்தையும் மட்டும் மாற்றினாலும் ரிவிஷன்தான். கிண்ணம், தண்டு இரண்டையும் பிடுங்கி, தொற்றைச் சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்ட் ஸ்பேசர் வைத்து, சில வாரமோ மாதமோ கழித்து மறுபடி திறந்து புது மூட்டு வைப்பதும் ரிவிஷன்தான். எங்கள் தொழிலில் 'பக் ஃபிக்ஸ்' என்று ஒரு டிக்கெட் வரும். ஒரு வரி மாற்றமும் பக் ஃபிக்ஸ்தான், ஒரு மாட்யூலையே திரும்ப எழுதுவதும் பக் ஃபிக்ஸ்தான். இரண்டையும் சேர்த்து சராசரி எடுத்து "ஒரு பக் ஃபிக்ஸுக்கு 3.2 நாள்" என்று ஒரு மேனேஜர் சொன்னால் டீமில் சிரிப்பார்கள். "ரிவிஷனில் சராசரி ரத்த இழப்பு" என்று வரும் எண்ணில் பலவும் இந்த வகை.

ஆகவே ஒரு ரிவிஷன் கட்டுரையில் நான் முதலில் தேடுவது சராசரியை அல்ல. எத்தனை பேருக்கு உறை மாற்றம், எத்தனை பேருக்கு முழு மாற்றம், எத்தனை பேருக்குத் தொற்று என்று பிரித்துச் சொன்ன அட்டவணையை. அது இல்லாவிட்டால் அந்தச் சராசரியை எந்த நோயாளிக்கும் பொருத்த முடியாது.

பாட்டில், மாப், ஃபார்முலா

ரத்தத்தை நேராக அளக்க முடியாதா? முடியும், ஓரளவுக்கு. ஆபரேஷன் தியேட்டரில் சக்ஷன் பாட்டிலில் சேர்ந்ததைப் பார்ப்பார்கள். ரத்தம் உறிஞ்சிய மாப்களை எடை போட்டு, காய்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று வைப்பார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தப் பாட்டிலில் ரத்தம் மட்டும் இருக்காது. காயத்தைக் கழுவிய சலைனும் அதில்தான் போகும். தொற்றுள்ள ரிவிஷனில் லிட்டர் கணக்கில் கழுவுவார்கள். ஊற்றிய சலைனைக் கழித்தால் ரத்தம் வரும் என்பது கணக்கு. ஆனால் சலைனில் எவ்வளவு விரிப்பில் வழிந்தது, எவ்வளவு தரையில் போனது? ஒரு பெரிய எண்ணிலிருந்து இன்னொரு பெரிய எண்ணைக் கழித்து ஒரு சின்ன எண்ணை எடுத்தால், முதல் இரண்டின் பிழையெல்லாம் அந்தச் சின்ன எண்ணின் தலையில் வந்து உட்காரும். இது நியூமெரிக்கல் மெத்தட்ஸ் படித்த யாருக்கும் தெரிந்ததுதான்.

அதனால்தான் ஃபார்முலா வந்தது. இது இரண்டு படி. முதல் படி, உடலில் மொத்தம் எவ்வளவு ரத்தம்? இதுக்கு 1962-ல் நாட்லரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சமன்பாடு. பெண்களுக்கு: 0.3561 × உயரத்தின் மூன்றாம் அடுக்கு (மீட்டரில்) + 0.03308 × எடை (கிலோவில்) + 0.1833. விடை லிட்டரில். இரண்டாவது படி, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் உள்ள அடர்த்தி வித்தியாசத்தைச் சராசரி அடர்த்தியால் வகுத்து, மொத்த ரத்தத்தால் பெருக்குவது. இது 1983-ல் கிராஸ் எழுதியது.

கிராஸ் கட்டுரையின் தலைப்பைக் கவனியுங்கள். "அனுமதிக்கத்தக்க ரத்த இழப்பை மதிப்பிடுதல்" என்பதுதான் அதன் பொருள். அதாவது அது மயக்க மருந்து டாக்டருக்கான முன்திட்டக் கருவி. "இந்த நோயாளிக்கு எவ்வளவு ரத்தம் போகும்வரை பொறுக்கலாம், எப்போது ரத்தம் ஏற்ற யோசிக்கணும்?" என்ற கேள்விக்குத் தோராயமான பதில். போகிற ரத்தத்துக்கு ஈடாக அதே அளவு திரவம் ஏற்றப்பட்டு மொத்தக் கொள்ளளவு மாறாமல் இருக்கிறது என்பது அதன் அனுமானம். தியேட்டருக்குள் அந்தத் திட்டத்துக்கு அது போதும்.

பின்னால் வந்தவர்கள் அதைத் தலைகீழாக ஓட்டினார்கள். ஆபரேஷன் முடிந்து, ஹெச்பி இவ்வளவு குறைந்திருக்கிறது, அப்படியென்றால் இவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று. கேபாசிட்டி பிளானிங்குக்கு எழுதிய ஷீட்டை ஆடிட் ரிப்போர்ட்டாகப் பயன்படுத்துகிற கதை. கணிதம் இரண்டு திசையிலும் ஓடும். அனுமானம் ஓடாது.

ஒரே ஆள், ரெண்டு விடை

கணக்குப் போட்டே பார்த்துடலாம். ஒரு கற்பனை நோயாளி: பெண், 1.55 மீட்டர், 60 கிலோ. நாட்லர் சமன்பாட்டில் மொத்த ரத்தம் சுமார் 3.49 லிட்டர். ஆபரேஷனுக்கு முன் ஹெச்பி 12.5. முதல் நாள் காலையில் 9.8. மூன்றாம் நாள் 9.0. புதிதாக ரத்தக் கசிவு எதுவும் இல்லை. உடலில் திரவம் இடம் மாறி ரத்தம் நீர்த்ததால் மட்டும் எண் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். இது அபூர்வமான நிலைமையும் இல்லை.

முதல் நாள் எண்ணைப் போட்டால்: வித்தியாசம் 2.7, சராசரி 11.15, விடை சுமார் 845 மில்லி.

மூன்றாம் நாள் எண்ணைப் போட்டால்: வித்தியாசம் 3.5, சராசரி 10.75, விடை சுமார் 1,140 மில்லி.

ஒரே ஆள், ஒரே ஆபரேஷன், ஒரே கசிவு. சாம்பிள் எடுத்த நாள் மட்டும் வேற. வித்தியாசம் கிட்டத்தட்ட 300 மில்லி. "இந்த மருந்து கொடுத்தோம், இந்த முறையில் வெட்டினோம், ரத்த இழப்பு குறைந்தது" என்று சொல்லும் பல கட்டுரைகளின் மொத்த வெற்றியும் சில நூறு மில்லிதான். ரெண்டு குழுவிலும் ஒரே நாளில் சாம்பிள் எடுத்து, ஒரே மாதிரி திரவம் ஏற்றி, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்திருந்தால் இந்தப் பிழை இரண்டு பக்கமும் சமமாக விழும், ஒப்பீடு தப்பிக்கும். பழைய கேஸ் ஷீட்டுகளைத் தோண்டி எழுதும் கட்டுரைகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று. நாட்லர் சமன்பாடு ஆரோக்கியமான பெரியவர்களிடம் எடுத்த அளவுகளிலிருந்து வந்தது. உடல் பருமன் உள்ளவரிடம் அது ரத்தத்தைக் கூட்டிச் சொல்லும், ஏனென்றால் கொழுப்பில் ரத்தம் குறைவு. எழுபது வயதில், ரெண்டு வருஷமாக நொண்டி நொண்டித் தசை வற்றிப்போன ஒரு ரிவிஷன் நோயாளி அந்த ஆரோக்கியமான பெரியவர் இல்லை.

மறைந்த ரத்தம் எங்கே போகுது?

2004-ல் செஹாட், எவன்ஸ், நியூமன் மூவரும் பிரிட்டிஷ் எலும்பியல் இதழில் எழுதிய கட்டுரை இந்த வட்டாரத்தில் ரொம்பப் பிரசித்தம். அவர்கள் செய்தது எளிமையான, நேர்மையான வேலை. ஃபார்முலா சொல்லும் மொத்த இழப்பிலிருந்து, பாட்டிலிலும் டிரெயினிலும் கண்ணால் பார்த்ததைக் கழித்தார்கள். மீதி வந்ததற்கு "மறைந்த இழப்பு" என்று பெயர். இடுப்பில் அது மொத்தத்தில் சுமார் 26%, முழங்காலில் சுமார் 49%. கண்ணுக்குத் தெரிந்த ரத்தத்தை மட்டும் நம்பாதீர்கள் என்ற எச்சரிக்கை சரியானது, தேவையானது. பாட்டிலைப் பார்த்து "பெருசா ஒண்ணும் போகலை" என்று சொல்லிவிட்டுப் போனவர்களை அது நிறுத்தி யோசிக்க வைத்தது.

என் விமர்சனம் அந்தக் கட்டுரையின் மேல் இல்லை, அதற்குப் பிறகு "மறைந்த இழப்பு" ஒரு தனிப் பொருள் மாதிரி ஆனதன் மேல். அது ஒரு கழித்தல் மீதி. ஃபார்முலாவின் பிழை, பாட்டிலின் பிழை, திரவம் ஏற்றியதால் வந்த நீர்ப்பு, எல்லாம் அதற்குள் கிடக்கிறது. கொஞ்சம் உண்மையான ரத்தமும் கிடக்கிறது: தொடையின் திசுக்களுக்குள் ஊறிய ரத்தம். வீட்டுக்கு வந்த பிறகு தொடையிலிருந்து முழங்கால்வரை கருநீலமாக இறங்குமே, அதுதான்.

அந்த ரத்தமும் பாட்டிலில் போன ரத்தமும் ஒன்றில்லை. பாட்டிலில் போனது உடலை விட்டே போச்சு, அதில் இருந்த இரும்பும் போச்சு. திசுவில் ஊறியது சுற்றோட்டத்தை விட்டு விலகியிருக்கிறது, ஆனால் உடலுக்குள்தான் இருக்கிறது. உடலின் துப்புரவு செல்கள் அதைத் தின்று, இரும்பைப் பிரித்து, மெதுவாகத் திருப்பித் தரும். பதிலுக்கு அது வேறு தொந்தரவு கொடுக்கும்: வீக்கம், வலி, காயத்திலிருந்து கசிவு. ரத்தம் தேங்கிய இடம் கிருமிக்கும் வசதி. ஆகவே 300 மில்லி பாட்டிலில் போவதும் 300 மில்லி தொடைக்குள் ஊறுவதும் நோயாளிக்கு வேறு வேறு பிரச்சினை. ரெண்டையும் கூட்டி "மொத்தம்" என்று ஒரு வரியில் எழுதும்போது இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது.

அலர்ட் குறைஞ்சா சர்வர் நல்லாயிருச்சா?

மில்லி நம்பகமில்லை என்றால் வேறு எதை எண்ணலாம்? எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்றினார்கள் என்பதை எண்ணலாமே? ஏற்றியது ஏற்றாதது சந்தேகமில்லாமல் தெரியும். பல ரிவிஷன் கட்டுரைகள் இதைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

இதிலும் ஒரு ஓட்டை. ரத்தம் ஏற்றுவது நோயாளியின் நிலைமை மட்டுமல்ல, டாக்டரின் முடிவும்கூட. பல பத்தாண்டுகளாக ஹெச்பி 10-க்குக் கீழ் போனால் ஏற்று என்பதே வழக்கமாக இருந்தது. 1999-ல் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் நடந்த டிரிக் என்ற கனடிய ஆய்வு அந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டது. பிறகு வாசல் இறங்கிக்கொண்டே வந்தது. இப்போது அமெரிக்க ரத்த வங்கிகள் சங்கத்தின் வழிகாட்டுதல் எலும்பு ஆபரேஷன்களுக்கு 8 என்கிறது.

ஆகவே "எங்கள் மருத்துவமனையில் பத்து வருஷத்தில் ரத்தம் ஏற்றுவது பாதியாகக் குறைந்தது, காரணம் எங்கள் புது முறை" என்று ஒரு முன்-பின் ஒப்பீடு வந்தால் முதலில் கேட்க வேண்டியது: இந்தப் பத்து வருஷத்தில் உங்கள் வாசல் எண் மாறியதா? மானிட்டரிங்கில் அலர்ட் த்ரெஷோல்டை 70%-லிருந்து 90%-க்குத் தூக்கிவிட்டு, "அலர்ட் குறைஞ்சிருச்சு, சர்வர் இப்ப சூப்பரா இருக்கு" என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

இதுக்கு எதிர்ப்புறம் ஒரு நல்ல உதாரணமும் சொல்லணும். டிரான்எக்ஸாமிக் ஆசிட். ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் ஷோசுகே ஒகமோட்டோவும் கண்டுபிடித்து 1962-ல் வெளியிட்டது. உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் நொதி, கட்டியைப் பிடித்துக்கொள்ளாமல் தடுப்பதுதான் இதன் வேலை. புதிதாக உறையச் செய்வதில்லை, உறைந்ததைக் காப்பாற்றுகிறது. விலையும் குறைவு. 2022-ல் வந்த போய்ஸ்-3 ஆய்வில் இதயம் அல்லாத ஆபரேஷன் நோயாளிகள் 9,535 பேர், குலுக்கல் முறை. முக்கியமான ரத்தப்போக்கு மருந்து பெற்றவர்களில் 9.1%, வெறும் ஊசி பெற்றவர்களில் 11.7%. இங்கே "ரத்தப்போக்கு" என்பது மில்லி கணக்கல்ல. உயிருக்கு ஆபத்தானது, பெரியது, முக்கிய உறுப்பில் ஏற்பட்டது என்று முன்கூட்டியே வரையறுத்த நிகழ்வுகள். அதே கட்டுரை, இதய-ரத்தக்குழாய்ப் பாதிப்பு 14.2%-க்கு 13.9% என்றும், பாதுகாப்பில் பின்தங்கவில்லை என்று தாங்கள் வகுத்த எல்லைக்குள் நிரூபிக்க முடியவில்லை என்றும் அதே பக்கத்தில் எழுதியது. நல்லதையும் சந்தேகத்தையும் ஒரே தட்டில் வைக்கிறது. அதனால்தான் அந்தக் கட்டுரையை மதிக்கிறேன்.

பத்தடி

இப்போது முக்கியமான கட்டுரைக்கு வரலாம். 2011, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், ஜெஃப்ரி கார்சன் தலைமையில் ஃபோகஸ் ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 47 மருத்துவமனைகள், 2,016 நோயாளிகள். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர்கள், சராசரி வயது 80-க்கு மேல், எல்லோருக்கும் இதய நோயோ அதற்கான காரணிகளோ இருந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு ஹெச்பி 10-க்குக் கீழ் போனவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 10-க்குக் குறையாமல் ரத்தம் ஏற்றுவது. இன்னொரு குழுவுக்கு அறிகுறி இருந்தால், அல்லது 8-க்குக் கீழ் போய் டாக்டர் தேவை என்று நினைத்தால் மட்டும்.

எதை அளந்தார்கள்? 60 நாள் கழித்து போன் செய்து கேட்டார்கள்: இன்னொருவர் கைகொடுக்காமல் பத்தடி, அதாவது அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம், நடக்க முடிகிறதா? முடியாதவர்களும் இறந்தவர்களும் ஒரு கணக்கு. விடை: தாராளமாக ஏற்றிய குழுவில் 35.2%, கட்டுப்படுத்திய குழுவில் 34.7%.

இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்ததற்கே இவர்களைப் பாராட்டணும். பத்தடி என்பது கட்டிலிலிருந்து பாத்ரூம். நோயாளி ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டது அதுக்குத்தான், மில்லியைக் குறைக்க அல்ல.

ஆனால் இந்த ஆய்வை ரிவிஷன் பக்கம் இழுத்துவரும்போது மூன்று இடத்தில் தடுக்குகிறது.

ஒன்று, "வித்தியாசம் இல்லை" என்பதைப் படிக்கும் விதம். ஆட்ஸ் ரேஷியோ 1.01, ஆனால் அதன் வீச்சு 0.84-லிருந்து 1.22 வரை. அதாவது இரண்டு பக்கமும் கொஞ்சம் நல்லதோ கெட்டதோ ஒளிந்திருக்க இடம் இருக்கிறது. இது எல்லோருக்குமான சராசரியும்கூட. 2023-ல் அதே கார்சன் தலைமையில் வந்த மின்ட் ஆய்வு, மாரடைப்பு வந்து ரத்தசோகையும் உள்ள 3,504 பேரை எடுத்தது. மறு மாரடைப்போ மரணமோ கட்டுப்படுத்திய குழுவில் 16.9%, தாராளக் குழுவில் 14.5%. புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை, ஆனால் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிகிறது. "8 போதும்" என்பதை எல்லா இதயத்துக்கும் பொருத்த முடியாது.

இரண்டு, நேரம். ஃபோகஸ் ஆட்களைப் பிரித்தது ஆபரேஷன் முடிந்த பிறகு. தியேட்டருக்குள் என்ன நடந்தது என்பது அதன் கணக்கில் இல்லை. ரிவிஷனில் பெரிய இழப்பு தியேட்டருக்குள்ளேயே, சில மணி நேரத்தில் நடக்கும். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெச்பி எண்ணே பின்தங்கித்தான் வரும். அந்த நேரத்தில் ஃபோகஸை மேற்கோள் காட்டுவது, பார்க்கிங்கில் நிற்கும் வண்டிக்கு எழுதிய விதியை ஹைவேயில் ஓடும் வண்டிக்குச் சொல்வது மாதிரி.

மூன்று, பலரும் தாண்டிப் போகிற இடம். கட்டுப்படுத்திய குழுவின் விதி வெறும் "8" அல்ல. அறிகுறி இருந்தால் எண் என்னவாக இருந்தாலும் ரத்தம் ஏற்றலாம்: நெஞ்சுவலி, இதயம் திணறுவது, திரவம் ஏற்றியும் சரியாகாத படபடப்பு அல்லது குறைந்த பிரஷர். அதாவது அந்தக் குழு ஜெயித்தது எண்ணைக் குறைத்ததால் மட்டும் அல்ல. ஆளைப் பார்த்து முடிவெடுக்க அங்கே அனுமதி இருந்தது. வழிகாட்டுதல் வழியாக வார்டுக்கு வந்து சேரும்போது எண் மட்டும் மிஞ்சுகிறது, ஆளைப் பார்ப்பது உதிர்ந்துவிடுகிறது. கோடில் இஃப் கண்டிஷனில் பாதியை யாரோ டிலீட் பண்ணின மாதிரி.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு

மேலே போட்ட கற்பனை நோயாளியிடம் திரும்பிப் போகலாம். ஹெச்பி 12.5-லிருந்து 9.0. மொத்த ரத்தம் 3.49 லிட்டர் என்றால் குறைந்த ஹீமோகுளோபின் சுமார் 122 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு. ஆக, அதைத் திரும்பக் கட்ட 400 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வேண்டும். சாதாரணச் சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம், அதுவும் அன்றாட இழப்பை ஈடுகட்டவே சரியாகப் போகும். உடலின் சேமிப்பில் இருந்தால் எடுக்கலாம். இல்லாவிட்டால்?

மாத்திரை சாப்பிடலாமே என்றால், அங்கே ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குறுக்கே நிற்கிறது. கல்லீரல் சுரப்பது. உடலில் அழற்சி இருக்கும்போது ஏறும். ஏறினால் குடல் இரும்பை ரத்தத்துக்குள் விடாது, சேமிப்பிலிருக்கும் இரும்பும் வெளியே வராது. பெரிய ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்கள் என்றாலே அழற்சிதான். தொற்றுக்காகச் செய்த ரிவிஷன் என்றால் கேட்கவே வேண்டாம். மாத்திரை அதிகம் தேவைப்படும் வாரங்களில்தான் அது வேலை செய்வது குறைவு. கீரை, பேரீச்சம்பழம், மாதுளை என்று வீட்டில் ஓடி ஓடிக் கொடுப்பார்கள். அன்பில் குறையில்லை, கணக்குதான் ஒத்து வராது. குடலைத் தாண்டி நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதா என்ற பேச்சு இந்த இடத்தில்தான் வருகிறது, அதை டாக்டரோடு பேசணும்.

என் பெரியம்மாவுக்கு ரெண்டாவது முறை இடுப்பு ஆபரேஷன் ஆனபோது டிஸ்சார்ஜ் சம்மரியில் ரத்த இழப்பு மில்லியில் இருந்தது. கடைசி ஹெச்பி 9.1 என்று இருந்தது. அடுத்து எப்போது ஹெச்பி பார்க்கணும், ஃபெரிட்டின் பார்த்தார்களா, இரும்புக்கு என்ன ஏற்பாடு என்று ஒரு வரி இல்லை. பிசியோதெரபிஸ்ட் வந்து "இன்னும் ரெண்டு ரவுண்டு நடங்கம்மா" என்பார். அவர் வாக்கரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். வீட்டில் எல்லோரும் பயம் என்றார்கள், சிலர் சோம்பேறித்தனம் என்றுகூடச் சொன்னார்கள். ஆறாவது வாரம் நாங்களாகப் பார்த்த ஹெச்பி 9.3. காலில் பிரச்சினையே இல்லை.

இந்தியாவில் இது இன்னும் கூர்மையான கேள்வி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை. ரிவிஷனுக்கு வருகிறவர்கள் அந்த வயதைத் தாண்டியவர்கள்தான், ஆனால் அந்த வயதைக் கடந்துதானே வருகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே 10.5-ல் தொடங்கும் ஒருவருக்கு 12.5-ல் தொடங்கியவரின் கணக்கு பொருந்தாது. திட்டமிட்டுச் செய்யும் ரிவிஷனில் பெரும்பாலும் சில வாரமாவது அவகாசம் இருக்கும். ரத்தசோகையைக் கண்டுபிடித்துக் காரணத்தைச் சரிசெய்ய அதுதான் நேரம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் "நாலு யூனிட் ஏற்பாடு பண்ணிடுங்க" என்று சொந்தக்காரர்களை ஓடவிடும் நேரம் அல்ல.

நல்ல கட்டுரையில் என்ன இருக்கும்?

குறை மட்டும் சொல்லி முடிக்கக் கூடாது. அடுத்த முறை ரிவிஷன் ரத்த இழப்பு பற்றி ஒரு கட்டுரையோ செய்தியோ கண்ணில் பட்டால், இந்த ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள்.

1. என்ன வகை ரிவிஷன் என்று பிரித்திருக்கிறார்களா?
2. மில்லி அளந்ததா, கணக்கிட்டதா? கணக்கிட்டது என்றால் எந்த நாள் ஹெச்பி, எவ்வளவு திரவம் ஏற்றினார்கள், ஏற்றிய ரத்தத்தைக் கணக்கில் சேர்த்தார்களா?
3. ரத்தம் ஏற்றும் வாசல் என்ன? ஆய்வுக் காலம் முழுக்க அது மாறாமல் இருந்ததா?
4. ஆபரேஷனுக்கு முன் எத்தனை பேருக்கு ரத்தசோகை இருந்தது?
5. 60-ஆம் நாளிலோ 90-ஆம் நாளிலோ நோயாளி நடக்கிறாரா, அன்று அவர் ஹெச்பி என்ன?

ஐந்தாவது இல்லாத கட்டுரை பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ரத்தம் குறைவாகப் போவது நல்லதுதான், அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அது நடுவழி ஸ்டேஷன், போய்ச் சேரும் ஊர் இல்லை. ஃபோகஸ் குழுவினர் 2,016 பேர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்ட கேள்விக்குப் பெரிய மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. ரிவிஷன் ஆன ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு போனைப் போட்டு, பத்தடி நடக்கிறாரா என்று கேட்டு, பக்கத்தில் ஹெச்பியையும் எழுதி வைத்தாலே, நாலு இலக்க மில்லியைவிட உருப்படியான ஒரு எண் நம்மிடம் சேர ஆரம்பிக்கும்.